குருவிக்கூடு: ஒரு சீசன் முடிஞ்சாச்சு, அடுத்த தைக்குள்ள என்னென்ன மாத்தணும்?

தட்டட்டித்தோட்டம்:

வணக்கம். வீடு பாளையங்கோட்டையில, முன்பக்கம் கிழக்கு பாத்தது. போன மாசியில சிட்டுக்குருவிக்குன்னு சில கூடுகள் மாட்டினது. இப்ப ஆடி முடியப்போவுது. எதை மாத்தணும், எதைக் கழட்டணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லணும். நிலவரம் இது:

தார்சாவுல (முன்கூடத்துல) ரெண்டு பலகைப் பெட்டி. ஒண்ணுல குருவி ரெண்டு தடவை பொரிச்சு குஞ்சு பறந்துட்டு. அடுத்ததை எட்டிக்கூடப் பாக்கல. அதுக்கு நாலடி தள்ளி சீலிங் ஃபேன் ஓடுது.

மேற்குச் சுவத்துல தகர மூடி போட்ட பெட்டி. சித்திரைக் கடைசியில உள்ள இருந்த குஞ்சு அத்தனையும் செத்துப்போச்சு. எறும்பு மொய்ச்ச பொறவுதான் தெரிஞ்சுது.

முருங்கை மரத்துல கட்டினதுக்குள்ள தேங்காய் நாரும் பஞ்சுமா அடைச்சிருக்கு. தட்டட்டி (மொட்டைமாடி) கைப்பிடிச் சுவத்துல வச்சதை மைனா பிடிச்சுக்கிட்டு. காருக்குறிச்சி மண்கலயம் ஒண்ணு தொங்குச்சு, ஆனிக் காத்துல சுவத்துல மோதி உடைஞ்சிட்டு.

கேள்வி நாலு. பெட்டிக்குச் சரியான அளவு என்ன? குஞ்சு செத்ததுக்குக் காரணம் என்ன? பழைய கூட்டை எப்ப எடுக்கணும்? அமெரிக்காவுல கம்பத்து மேல அடுக்குமாடி மாதிரி பறவை வீடு வச்சு பர்ப்பிள் மார்ட்டின்னு ஒரு பறவையைக் கூட்டங்கூட்டமா குடிவைக்கிறதை வீடியோவுல பாத்தோம். அதே மாதிரி நம்ம தட்டட்டியில ஒண்ணு நிறுத்தினா ஏதாவது வருமா?

நூல்மட்டம்:

மைனா புகுந்த விவரத்தைப் பெட்டியைப் பாக்காமலே சொல்லிரலாம் அண்ணாச்சி. கதவுப் பூட்டுக்கு ஓட்டை போடுத ஹோல் சாவை வச்சு வாசல் எடுத்திருப்பாவ. அது 54 மி.மீ. மைனா, அணில், ஓணான் எல்லாத்துக்கும் ராஜபாட்டை. குருவிக்கு வேண்டியது 32 மி.மீ., அதாவது ஒண்ணேகால் அங்குலம். ஆசாரிகிட்ட ‘ஒரு இஞ்சு ரெண்டு நூல்’னு சொல்லுங்க (எட்டு நூல் ஒரு அங்குலம்), புரிஞ்சுக்கிடுவாவ. 40-ஐத் தாண்டினா மைனா தலையை விட்டுப் பாக்க ஆரம்பிச்சிரும். 32 ஹோல் சா கிடைக்கலைன்னா வட்டம் வரைஞ்சு, கோட்டை ஒட்டி உள்பக்கமா சின்னச் சின்ன ஓட்டை போட்டு, உளியால தட்டி எடுத்து, வட்ட அரத்தால உருட்டி விடலாம். உள்விளிம்புல சிலாம்பு இருக்கக்கூடாது. தாய்க்குருவி ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல போய் வருத வாசல் அது.

இருக்கிற பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். மூணு அங்குலச் சதுரத்துல தகரம் வெட்டி, நடுவுல 32 ஓட்டை போட்டு, விளிம்பை அரம் போட்டு மழுக்கி, பழைய வாசலுக்கு மேல நாலு திருகுல முடுக்கிருங்க. எண்ணெய் டின் தகரம் போதும். அணில் மரத்தைக் கொறிச்சு வாசலைப் பெருசாக்கும், தகரத்துல அதோட பல்லு எடுபடாது. ஆக ஒரே துண்டு ரெண்டு தொந்தரவுக்கும் ஆச்சு.

புதுசா செய்யணும்னா கணக்கு சொல்லுதேன். ஆறு அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம், நாலடி நீளம். ஒரே பலகை. இதுல முன்பலகை 9 அங்குலம், பின்பலகை 13, பக்கப் பலகை ரெண்டும் பின்னால 10 முன்னால 9 வாற மாதிரி சாய்வா வெட்டணும், தரைக்கு நாலரை. கூட்டினா நாப்பத்தாறரை. ரம்பம் தின்னது போக ஒரு அங்குலத்துக்கும் கீழதான் மிஞ்சும், அதனால வெட்டுறதுக்கு முன்னால முழுப் பலகையிலயும் கோடு போட்டுக்கிடுங்க. கூரைக்கு மட்டும் தனியா எட்டுக்குப் பத்து. முன்பக்கம் ரெண்டரை அங்குலம் தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும்.

பக்கப் பலகைகள் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவுல உக்காரணும். அப்ப உள்ளளவு நாலரைக்கு ஆறு. தரைப்பலகையை அடியில ஒட்டாம உள்ள இறக்கி வைங்க. அடியில ஒட்டினா மழைத் தண்ணி பலகை ஓரத்துல ஏறி ஊறிரும். தரையோட நாலு மூலையிலயும் ரெண்டு நூல் ஓட்டை. ஒவ்வொரு பக்கப் பலகையிலயும் கூரைக்குக் கீழ மூணு நூல் அளவுல ரெண்டு ஓட்டை, காத்துக்கு. வாசலோட மையம் முன்பலகை மேல்விளிம்புல இருந்து ரெண்டரை அங்குலம் கீழ. அப்ப வாசல் அடிவிளிம்புக்கும் தரைக்கும் அஞ்சு அங்குல ஆழம் கிடைக்கும். அந்த ஆழம் இல்லைன்னா காக்கா அலகை விட்டுக் குஞ்சை உருவிரும். முன்பலகையோட உள்பக்கத்துல குறுக்கால அஞ்சாறு கீறல் போடுங்க. குஞ்சு ஏறி வெளிய வாறதுக்கு அதான் ஏணி. இழைச்ச பலகையில கால் வழுக்கும்.

ஒரு பக்கப் பலகையைக் கதவாக்கணும். அதுக்குக் கீல் வேண்டாம். முன்னாலயும் பின்னாலயும் ஒரே உயரத்துல ஒவ்வொரு திருகு, பக்கப் பலகையோட மேல்முனைக்குப் பக்கத்துல. அதுவே அச்சு. கீழ ஒரு கொக்கி. இந்தப் பலகையோட தலையை மட்டும் ரெண்டு நூல் குறைச்சு வெட்டுங்க, இல்லைன்னா கூரை இடிச்சுக்கிட்டுத் திறக்காது. ரெண்டு திருகும் ஒரே மட்டத்துல இல்லைன்னாலும் திறக்காது, நூல்மட்டம் வச்சுக் குறிங்க. ஆணி எங்கயும் வேண்டாம். நம்ம வெயிலுக்குப் பலகை சுருங்கி விரியுதுல ஆணி நெகிழ்ந்து வெளிய வந்திரும். ஒன்றரை அங்குலத் திருகு.

மரம்: பேக்கிங் பெட்டி பைன் பலகை மலிவு, கனம் கம்மி, வேலைக்கும் சுகம். மாம்பலகை செல்லரிக்கும். சாதாரண பிளைவுட் ஒரு ஐப்பசிக்குத் தாங்காது, அடுக்கு அடுக்கா விரியும். உள்ளுக்குப் பெயின்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. வெளிய சுண்ணாம்பு ரெண்டு கை அடிங்க, சூடு ஏறாது.

கடையில விக்கிற கூட்டுல வாசலுக்குக் கீழ ஒரு குச்சி நீட்டிக்கிட்டு இருக்கும். அழகுக்குத்தான். குருவிக்கு அது தேவையே இல்ல, நேரா வாசல்லயே வந்து தொத்தும். அந்தக் குச்சி மைனாவுக்கும் காக்காவுக்கும் உக்காந்து வேலை பாக்க வசதி. அறுத்து எடுத்துருங்க.

கொண்டலாத்தி:

நூல்மட்டம் அண்ணாச்சி பெட்டியைச் சொல்லிவிட்டார். எந்தத் திசையில், எந்த உயரத்தில், எந்த மாதத்தில் என்பதை நான் எழுதுகிறேன். பெட்டி சரியாக இருந்தும் கூடு காலியாகக் கிடப்பதற்கும், குஞ்சு சாவதற்கும் பெரும்பாலும் இவைதான் காரணம்.

மேற்குச் சுவர்க் குஞ்சுகள் சூட்டில் போயிருக்கின்றன. சித்திரைக் கடைசி என்றால் கத்திரி வெயில் தொடங்கும் நேரம். மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மேற்குச் சுவரே அடுப்பாக நிற்கும், அதற்கு மேல் தகர மூடி. பிறந்து ஒரு வாரம் ஆகாத குஞ்சுக்கு உடல்சூட்டைத் தானாகச் சமன் செய்யத் தெரியாது. சற்று வளர்ந்தவை வாசலில் தலையை நீட்டி, அலகைத் திறந்தபடி வேகவேகமாக மூச்சு வாங்கும். அதைப் பசிக் குரல் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். தாய் இரை கொண்டுவராத நேரத்திலும் வாய் திறந்தே இருந்தால் அது சூடு. அந்த நேரத்தில் பெட்டியை இடம் மாற்றக்கூடாது. தாய் தேடிக் கண்டுபிடிக்காது. ஒரு பனை ஓலையை விரித்து, பெட்டிக்கும் ஓலைக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, மேற்கு வெயிலை மறைக்கிற மாதிரிக் கட்டிவிடுங்கள். வாசலை மறைக்கவேண்டாம். பெட்டிமேல் தண்ணீர் தெளிப்பது, ஈரச் சாக்குப் போடுவது இரண்டும் வேண்டாம், உள்ளே புழுங்கும்.

எறும்பு குஞ்சைக் கொன்றதா, செத்த பிறகு வந்ததா என்றால் கட்டெறும்பு பெரும்பாலும் பின்னால் வருவது. மரத்துச் செவ்வெறும்பான முசுறு அப்படியல்ல, உயிரோடு இருக்கிற குஞ்சையே கடித்துக் கொல்லும். மா, கொய்யா, எலுமிச்சைக் கிளை பெட்டியைத் தொடாதபடி வெட்டிவிட்டாலே முசுறுக்குப் பாலம் போய்விடும்.

நம் பக்கத்துக்குப் பெட்டி கிழக்கு அல்லது வடக்குச் சுவரில், சன்ஷேடுக்கு அடியில் இருக்கவேண்டும். மேற்கு வேண்டாம் என்பதற்கு வெயில் ஒரு காரணம், ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து அடிக்கிற காற்றும் புழுதியும் இன்னொன்று. கிழக்கில் வைத்தால் ஐப்பசி, கார்த்திகைச் சாரல் உள்ளே அடிக்கும், அதனால்தான் சன்ஷேடு. உயரம் எட்டு முதல் பத்து அடி. குழாய், கேபிள் வயர், ஜன்னல் விளிம்பு, ஏசி வெளிப்பெட்டி இவற்றிலிருந்து ஐந்தடியாவது தள்ளி இருக்கட்டும். பூனையும் சாரைப்பாம்பும் ஏறுகிற வழி அதுதான். கொம்பேறி மூக்கனுக்கு ஒரு கொடி போதும்.

ஃபேன் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற பெட்டி காலியாகவே இருந்தது நல்லதுக்கு. அதை உடனே கழற்றுங்கள். குருவி வாசலுக்குள் போகும்போது நேராகப் பறக்கும், வெளியே வரும்போது ஒரு சுற்று எடுக்கும். அந்தச் சுற்றில்தான் இறக்கையில் அடிபடுகிறது. புதிதாகப் பறக்கிற குஞ்சு இன்னும் மோசம். குடியிருக்கிற தார்சாப் பெட்டியும் ஃபேன் ஓடுகிற பரப்பில் இருந்தால், இப்போது காலியாக இருக்கிற இந்த ஆவணிக்குள் வெளிச் சுவருக்கு மாற்றிவிடலாம். பழைய இடத்திலிருந்து ஆறேழு அடிக்குள் இருந்தால் அதே ஜோடி கண்டுகொள்ளும்.

குருவி கூட்டமாக இருக்க விரும்பும் பறவை. பெட்டிகளை மூன்று நான்கு அடி இடைவெளியில் ஒரே சுவரில் வரிசையாக வையுங்கள். வீட்டைச் சுற்றி மூலைக்கு ஒன்றாக வைத்தால் ஒன்றிரண்டுதான் நிரம்பும்.

முருங்கையில் கட்டியதை எடுத்துவிடுங்கள். குருவிக்குச் சுவர்தான் பிடிக்கும், மரத்தில் தனியாகத் தொங்குகிற பெட்டி அணிலுக்குப் போகும். தேங்காய் நார், பஞ்சு, துணிக்கிழிசல் உருண்டையாக அடைத்திருந்தால் அது அணில்தான். முருங்கைக் கொப்பு காற்றில் சட்டென்று ஒடியும், கம்பளிப்பூச்சி வேறு. எடுக்குமுன் உள்ளே அணில்குட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மைனாவும் நம் ஊர்ப் பறவைதான், அதன் முட்டையை எடுத்து வீசக்கூடாது. நீல நிறத்தில் புள்ளியில்லாமல் இருக்கும் அந்த முட்டை. குருவி முட்டை வெளுப்பில் சாம்பலும் பழுப்புமாகப் புள்ளி விழுந்தது. மைனாக் குஞ்சுகள் பறந்து போனதும் தகரத் துண்டை முடுக்கி வாசலைச் சுருக்கிவிடுங்கள். மைனாவுக்கும் இடம் தரவேண்டும் என்றால் குருவி வரிசையிலிருந்து விலக்கி, வீட்டின் மறுபுறம் வையுங்கள். அருகில் இருந்தால் குருவி முட்டையைக் கொத்தித் தள்ளும்.

வளவுக்காரன்:

ஒரு மாற்றுக் கருத்து. பெட்டியைத் திறந்து திறந்து பாக்குறதும், கூட்டை எடுத்து சுத்தம் பண்ணுறதும் வேண்டாத வேலைன்னு நினைக்கேன். நம்ம பழைய ஓட்டு வீடுகள்ல உத்தரத்து இடுக்குலயும், போட்டோச் சட்டத்துக்குப் பின்னாலயும் குருவி கூடு வச்சுது. யாரு போய் சுத்தம் பண்ணினா? கலைச்சா திரும்ப வராது.

அப்புறம், செல்போன் டவர் இருக்கிற வரைக்கும் எத்தனை பெட்டி வச்சு என்ன?

கொண்டலாத்தி:

போட்டோச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிற கூடு நாலு பக்கமும் காற்றோட்டமானது, எச்சமும் பழைய வைக்கோலும் தரையில் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுப் பெண்கள் அதைத் தினமும் கூட்டித் தள்ளினார்கள். ஆக, சுத்தம் நடந்துகொண்டுதான் இருந்தது. பெட்டி மூடியது. விழுவதெல்லாம் உள்ளேயே தங்கும். ஒரே கூட்டின் மேல் அடுத்த கூட்டைக் கட்டக்கட்டத் தரை உயர்ந்து வரும், அந்த ஐந்து அங்குல ஆழம் இரண்டாகிவிடும். அப்போது காகத்துக்கு எட்டும். செள்ளும் பேனும் பழைய கூட்டில் பெருகி, இரண்டாம் தடவைக் குஞ்சுகளின் ரத்தத்தை உறிஞ்சும்.

ஆனால் எப்போது தொடலாம், எப்போது கூடாது என்பதில் உங்கள் கவலை நியாயமானது. கணக்கு இப்படி. குருவி நாளுக்கு ஒன்றாக மூன்று முதல் ஐந்து முட்டை இடும். அடைகாப்பு 11 முதல் 14 நாள். குஞ்சு வெளியே பறக்க இன்னும் 14 முதல் 16 நாள். முதல் முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதம். வைக்கோல் சுமக்கிற நாட்களிலும், முட்டையிடுகிற நாட்களிலும், அடைகாப்பின் முதல் வாரத்திலும் பெட்டியைத் தொடவேண்டாம், கூட்டை விட்டுப் போக வாய்ப்பு அதிகம். பொரித்த பிறகு தாய் இரைக்குப் போன நேரம் பார்த்து, வாரம் ஒரு தடவை, அரை நிமிடம் திறந்து பார்க்கலாம். செத்த குஞ்சு இருந்தால் எடுத்துவிடலாம், எறும்பைக் கவனிக்கலாம். 12 நாள் ஆன குஞ்சு இருக்கிற பெட்டியைத் திறக்கவே கூடாது. பயந்து வெளியே குதித்துவிடும், பறக்கவும் வராது.

குஞ்சு பறந்து ஐந்தாறு நாள் கழித்து வாசலில் நடமாட்டம் இல்லை என்றால் பழைய கூட்டை எடுங்கள். உடனே அடுத்த முட்டை இடுகிற ஜோடிகள் உண்டு, முட்டை இருந்தால் மூடிவிட்டு வாருங்கள். எடுக்கும்போது கூட்டின் மேல் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், தூசி பறக்காது. மூக்கில் துணி, கையில் உறை. பெட்டிக்குள் கொதிக்கிற வெந்நீர் ஊற்றி, ஒரு நாள் முழுக்க வெயிலில் திறந்து போடுங்கள். அந்துருண்டை, மூட்டைப்பூச்சி மருந்து, எறும்பு சாக்பீஸ் எதுவும் உள்ளே போகக்கூடாது. வேப்பிலையைக் குருவியே கொண்டுவந்து கூட்டில் செருகுவதைப் பார்க்கலாம்.

ஆவணி, புரட்டாசியில் ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் முழுதாகச் சுத்தம் செய்யலாம். தென் மாவட்டங்களில் குருவி ஆண்டு முழுக்க எப்போது வேண்டுமானாலும் பொரிக்கும். மாசி முதல் வைகாசி வரை மும்முரம்.

டவர் விவாதத்தை இங்கே தொடங்கினால் இந்தத் திரி முடியாது. கான்கிரீட் சுவரில் இடுக்கு இல்லை, தெருவில் சிந்துகிற தானியம் இல்லை, மருந்தடித்த தோட்டத்தில் புழு இல்லை. இந்த மூன்றும் நம் கையில் இருக்கின்றன.

நெல்லை_டு_டெக்சாஸ்:

கம்பத்து வீடு பத்திக் கேட்டதால எழுதுதேன். இங்க அதை வைக்கிறவங்க நிறைய, நல்லாத் தெரிஞ்ச விஷயம்.

பர்ப்பிள் மார்ட்டின் அமெரிக்கக் கண்டங்களோட பறவை, நம்ம பக்கம் கிடையாது. தகைவிலான் (ஸ்வாலோ) குடும்பம். குளிர்காலத்துல பிரேசில் பக்கம் போயிட்டு டெக்சாஸுக்கு ஜனவரிக் கடைசி, பிப்ரவரியில திரும்பி வரும். கிழக்கு அமெரிக்காவுல இருக்கிறவை ஏறக்குறைய எல்லாமே மனுஷன் வச்ச கூட்டுலதான் பொரிக்குது. ஐரோப்பியர் வாறதுக்கு முன்னாலயே இங்கத்த பூர்வகுடிகள் சுரைக்குடுக்கையில ஓட்டை போட்டுக் கம்பத்துல தொங்கவிட்டிருக்காங்க. இன்னைக்கும் பிளாஸ்டிக்ல அதே குடுக்கை வடிவம் விக்குது.

கம்பம் 12 முதல் 15 அடி, சுத்தி 40 அடிக்கு மரம் கூடாது. வீட்டுக்குக் கிட்ட இருக்கணும், மனுஷ நடமாட்டம் அதுக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு அறையும் முன்ன ஆறுக்கு ஆறு அங்குலமா இருந்தது, இப்ப ஆறுக்குப் பன்னெண்டு. உள்தள்ளி கூடு வச்சா ஆந்தையோட கால் எட்டாது. கொடிக்கம்பம் மாதிரி கப்பி வச்சு முழு வீட்டையும் கீழ இறக்கலாம். ஒவ்வொரு அறைக்கும் எண் போட்டு, அஞ்சு முதல் ஏழு நாளுக்கு ஒருக்கா இறக்கிப் பாத்து, முட்டை எத்தனை, குஞ்சு எத்தனைன்னு நோட்டுல எழுதுவாங்க. மூத்த குஞ்சுக்கு 22 நாள் ஆனா இறக்குறதை நிறுத்திருவாங்க. கொண்டலாத்தி சொன்ன அதே காரணம்தான், முன்கூட்டியே குதிச்சிரும்.

இதுல வேடிக்கை என்னன்னா, வாசல் 54 மி.மீ. நூல்மட்டம் அண்ணாச்சி சொன்ன பூட்டு ஓட்டை அளவேதான்! அதுனால இங்க மார்ட்டின் கூட்டுக்குள்ள புகுந்து முட்டையைக் கொத்துற பெரிய எதிரி யாருன்னா, நம்ம சிட்டுக்குருவி. 1850-களில் நியூயார்க்குல கொண்டுவந்து விட்டது. அடுத்தது 1890-ல விட்ட ஸ்டார்லிங், அது மைனாவோட பங்காளி. ஸ்டார்லிங்கைத் தடுக்க வாசலைப் பிறை வடிவத்துல வெட்டுதாங்க: மூணு அங்குல அகலம், ஒண்ணேகால் அங்குலத்துக்கும் சொச்சம் குறைவான உயரம். மார்ட்டின் படுத்து நுழையும், ஸ்டார்லிங்குக்கு நெஞ்சு இடிக்கும். குருவியை அதால தடுக்க முடியாது, கூட்டைத் திரும்பத் திரும்பப் பிச்சு எடுக்காங்க. இங்க விரட்டுறதை ஊர்ல நாம பெட்டி செஞ்சு கூப்பிடுதோம்.

ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் கொசு தின்னும்னு பெட்டி விக்கிறவங்க விளம்பரம் பண்ணினாங்க. அது சும்மா. மார்ட்டின் பகல்ல உயரத்துல பறந்து தும்பி, வண்டு, பறக்குற எறும்புன்னு பெரிய பூச்சியைப் பிடிக்கும். கொசு அதோட கணக்குலயே வராது.

ஆக நெல்லையில கம்பத்து வீடு நிறுத்தினா வாறது மைனா, இல்லைன்னா புறா. நம்ம ஊரு தகைவிலான்கள் பாலத்துக்கு அடியிலயும் மண்டபத்துலயும் சேறு ஒட்டித்தான் கூடு கட்டும், பெட்டிக்குள்ள நுழையாது. பனை உழவாரன் பனையோலை மடிப்புல எச்சிலால ஒட்டிக் கட்டும். தகைவிலானுக்கு உதவணும்னா பெட்டி வேண்டாம். கோடையில ஒரு தட்டுல குளத்து வண்டலை ஈரமா வச்சிருந்தாலே போதும், வெள்ளையடிக்கும்போது பழைய சேற்றுக் கூட்டைச் சுரண்டாம விட்டாப் போதும்.

கம்பத்துல எடுத்துக்கிட வேண்டியது ஒண்ணு இருக்கு. பெட்டியைச் சுவத்துல வைக்காம இரும்புக் குழாயில நிறுத்தினா, பாம்பும் பூனையும் ஏறாம இருக்க எட்டு அங்குல விட்டம், ரெண்டடி நீளத்துல தகரக் குழாய் ஒண்ணைக் கம்பத்தைச் சுத்திப் போடுவாங்க. மேல்வாய் மூடியிருக்கணும், தரையில இருந்து நாலடிக்கு மேல. கிரீஸ் தடவுறது வேண்டவே வேண்டாம், இறகுல ஒட்டினா பறவை செத்துரும்.

வளவுக்காரன்:

வெந்நீர் விஷயம் சரி, ஒத்துக்கிடுதேன். பெட்டி போக இன்னொண்ணு: வளவுலயோ வயக்காட்டுலயோ தலை போன மொட்டைப்பனை நின்னா, வீட்டு மேல விழுற மாதிரி இல்லைன்னா, வெட்டாதீங்க. பச்சைக்கிளி, பனங்காடை, புள்ளி ஆந்தை, மைனா அத்தனைக்கும் அதான் பெட்டி. மைனாவுக்கு அது கிடைச்சா உங்க தட்டட்டிக்கு வராது. ஆனா கிளிக்குஞ்சை எடுத்து வளக்க ஆசைப்படாதீங்க, 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

தட்டட்டித்தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. மேற்குப் பெட்டியையும் ஃபேன் பெட்டியையும் கழட்டியாச்சு. பூட்டு ஓட்டை விஷயம் அப்படியே சரி, அளந்து பாத்தா 54. இன்னும் மூணு சந்தேகம். குஞ்சு கீழ விழுந்தா மனுஷன் கை பட்டதைத் தாய் சேக்காதாமே? தீனி போட்டா புறாதான் வந்து மொத்தமா முடிச்சிட்டுப் போவுது, என்ன செய்ய? மண்கலயத்தை மறுபடி தொங்கவிடலாமா?

கொண்டலாத்தி:

கை பட்டால் சேர்க்காது என்பது தவறு. இறகு முளைக்காத குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள், தாய் வந்து ஊட்டும். இறகு வந்து, வால் குட்டையாக, தத்தித் தத்திப் போகிற குஞ்சு விழுந்தது அல்ல, பறக்கப் பழகுவது. பூனைக்கு எட்டாமல் ஒரு செடிமேல் ஏற்றி வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். வாயில் தண்ணீர் சொட்டுவது, பால் ஊற்றுவது கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். காலில் நூல் சுற்றியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உரச்சாக்கு நாரும் நைலான் நூலும் கூட்டுக்குள் போய்க் குஞ்சின் கால் வளர வளர இறுக்கிவிடும். பொடிக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிடலாம். வளவில் பிளாஸ்டிக் நார் கிடக்காமல் பார்த்துக்கொண்டு, பிசான நெல் அறுவடை வைக்கோலில் ஒரு பிடியை முடிந்து கட்டித் தொங்கவிட்டால் கூட்டுக்கு அதைத்தான் உருவும். நாலு கோழியிறகும் போடுங்கள்.

புறாவுக்குத் தட்டில் கொட்டிய தானியம்தான் வசதி. கம்பங்கதிரையோ நெற்கதிரையோ குஞ்சமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். குருவி தொத்திக்கொண்டு கொத்தும், புறாவால் முடியாது. தரையில் போட்டால் ஒரு கைப்பிடி நொய்யோ தினையோ, அதுவும் காலையில் மட்டும். மிச்சம் கிடந்தால் எலி வரும். உப்புப் போட்ட சோறு, மிக்சர், ரொட்டி வேண்டாம். தீனியைப் பெட்டிக்குப் பத்தடி தள்ளி வையுங்கள், அங்கே கூடுகிற கூட்டத்தைப் பார்த்துக் காகமும் வல்லூறும் வரும்.

தானியம் பெரியவைகளுக்குத்தான். குஞ்சின் முதல் வார இரை புழுவும் பூச்சியும். அவரைக்கொடியில் அசுவினி, எலுமிச்சையில் பச்சைப்புழு தெரிந்ததும் மருந்தை எடுக்காதீர்கள், மாசியிலிருந்து வைகாசி வரை அந்தச் செடிகள்தான் அடுக்களை. அடர்ந்த மருதாணிப் புதர் ஒன்று இருந்தால் சாயங்காலம் கூட்டமாக அடையும். தண்ணீர்ச் சட்டி ஓரங்குல ஆழம், நடுவில் ஒரு கல், தினமும் கொட்டி மாற்றவேண்டும். இல்லையென்றால் டெங்குக் கொசு வளரும்.

நூல்மட்டம்:

மண்கலயம் நல்லதுதான், பலகையை விடச் சூடு குறைவு. தொங்கவிட்டதுதான் தப்பு. ஆடுத கூட்டுல குருவி நிக்காது, ஆனிக் காத்துல உடையத்தான் செய்யும். குயவர்கிட்ட சுடுறதுக்கு முன்னாலயே வயித்துல 32 ஓட்டையும் அடியில ரெண்டு சின்ன ஓட்டையும் போட்டுத் தரச் சொல்லுங்க, சுட்ட பொறவு துளைச்சா கீறல் விடும். சுடும்போது களிமண் சுருங்கும், அதனால பச்சையில 35 அளவுக்கு எடுக்கச் சொல்லணும். வாங்கும்போது அளந்து பாத்து வாங்குங்க. கலயத்தைப் படுக்கப் போட்ட மாதிரி, வாய் ஒரு பக்கமா திரும்பி இருக்கணும். அந்த வாய்க்கு வட்டமா ஒரு பலகை மூடி, அதைக் கட்டுக்கம்பியால இழுத்துக் கட்டிருங்க. சுத்தம் பண்ண அதுதான் கதவு. சுவத்துல ரெண்டு எல் ஆங்கிள் அடிச்சு, குறுக்கால ஒரு பட்டைப் பலகை வச்சு, அதுமேல கலயத்தை உக்கார வச்சுக் கம்பியால கட்டினா ஆடாது.

கார்த்திகைக்குள்ள ஆர்டர் சொல்லிருங்க. பொங்கப்பானை சீசன் வந்திட்டா காருக்குறிச்சியில யாரும் உங்க ஒத்தக் கலயத்துக்குத் திகிரியைத் திருப்ப மாட்டாவ.